டபுள் தம்ப் பழக வீடியோவா, ஆன்லைன் வகுப்பா, பெங்களூர் பஸ்ஸா?

பேஸ் கிட்டாரில் கட்டை விரலால் அடித்து, ஆள்காட்டி விரலால் சுண்டி வாசிக்கும் ஸ்லாப் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. அடுத்து என்ன என்பதுதான் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கிற நம்மில் பலருக்கும் கேள்வி. டபுள் தம்ப் (கட்டை விரல் கீழே போகும்போதும் மேலே வரும்போதும் கம்பியை மீட்டுவது), இடது கை அடி கலந்த டிரிப்ளெட் (ஒரு அடிக்குள் மூன்று நோட்டு) மாதிரி விஷயங்களைச் சொல்லித்தர உள்ளூரில் ஆள் கிடைப்பது கஷ்டம். கையில் இருக்கிற வழி மூன்று: பதிவு செய்த வீடியோ பாடம், ஆன்லைனில் நேரடி வகுப்பு, பெங்களூர் போய் ஒரு மாஸ்டர் எதிரில் உட்காருவது. நான் பெங்களூரைத் தேர்ந்தெடுத்தேன். யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

செலவில் வீடியோவை அடிக்க முடியாது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நம் ஊருக்கு ரயில் இல்லை, பஸ்தான். ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி நெருங்கும்போது வண்டி ஊர ஆரம்பிக்கும். ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ரயில் உண்டு, ஆனால் தூரம் இன்னும் அதிகம்.

வீடியோவின் பலம் வேறு இடத்திலும் இருக்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாமல் கேட்கலாம், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். அமெரிக்க பேஸ் கலைஞர் விக்டர் வூட்டனின் கட்டை விரல் கம்பியைத் தாண்டி இறங்கி, அடுத்த கம்பியில் ஒரு கணம் தங்கி, திரும்பி மேலே வரும்போது அதே கம்பியை மறுபடி மீட்டுவதைக் கண்ணால் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோல் சொற்கட்டுகளை பேஸில் கொண்டுவரும் கலைஞர் மோகினி டேயின் வாசிப்பையும் அப்படித்தான் பிரித்துப் பிரித்துக் கேட்டேன். எந்த விரல் எப்போது என்பது மனதில் ஏறிவிடும். ஆனால் நம் கையை வீடியோ பார்க்காது.

ஆன்லைன் வகுப்பில் மாஸ்டர் பார்க்கிறார். பிரச்சினை ஒலியில். பேஸின் தடித்த ஈ கம்பி எழுப்புவது சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் வரவே வராது. அதைவிடப் பெரிய இடைஞ்சல், பேச்சுக்காகச் செய்த இந்தச் செயலிகள் 'டக்' என்று வரும் சத்தங்களை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடுவது. ஜூமில் இசைக்கலைஞர்களுக்கென்று தனி ஒலி அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டு, கருவியைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக பேஸை இணைத்தால் நிலைமை நன்றாகவே மேம்படும். அப்போதும் தாமதம் போகாது. 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 அடி), ஓர் அடியில் கால் பங்கான ஒரு பதினாறாம் நோட்டுக்கு இருக்கும் நேரம் 125 மில்லி விநாடி. இணைய அழைப்பில் ஒலி போய்த் திரும்புவதற்குள் அவ்வளவு நேரம் சாதாரணமாகக் கழிந்துவிடும். அதனால் மாஸ்டரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. அவர் வாசிப்பார், நாம் கேட்போம். நாம் வாசிப்போம், அவர் கேட்பார்.

சேர்ந்து வாசிப்பது அவ்வளவு முக்கியமா? ஸ்லாப்புக்கு அதுதான் உயிர். அறுபதுகளில் அமெரிக்க பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் தன் அம்மாவோடு வாசித்தபோது டிரம்மர் இல்லாத குறையை ஈடுகட்டத்தான் கட்டை விரலால் அடிக்கவும் கம்பியைச் சுண்டவும் தொடங்கினார். ஒன்று பேஸ் டிரம்முக்குப் பதில், மற்றது ஸ்நேர் டிரம்முக்குப் பதில். இந்த வாசிப்பு பிறந்ததே தாளவாத்தியத்தின் இடத்தில்தான். உயர்நிலைக்குப் போகப் போக சுரத்தைவிட, சுரமில்லாத அடிகள்தான் பெருகுகின்றன. இடது கை கம்பியின் மேல் லேசாகப் படுத்திருக்க, கட்டை விரல் எழுப்பும் அந்த 'டுக்' என்கிற கோஸ்ட் நோட் கொஞ்சம் பிசகினாலும் முழுத் தாள ஓட்டமும் (குரூவ்) நொண்டும். அந்தப் பிசகு எதிரில் இருப்பவர் காதுக்கு உடனே தெரியும், வாசிப்பவருக்குத் தெரியாது.

மாஸ்டர் தமிழர், பெங்களூரிலேயே வளர்ந்தவர். ஒரு வகுப்பில் என் ஆம்ப்பை அணைத்துவிட்டார். கம்பியின் வெறும் சத்தத்தில் டபுள் தம்ப் வாசிக்கச் சொன்னார். கீழே போகும் அடி கனமாகவும் மேலே வரும் அடி பாதி பலத்திலும் விழுவது அப்போது அப்பட்டமாகக் கேட்டது. என் முன்கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கைய தூக்காதீங்க, திருப்புங்க. பூட்டுல சாவி திருப்புற மாதிரி" என்றார். அவர் பிடியிலேயே மெதுவாக 60 டெம்போவில் வாசித்தேன். மேல் அடி தெளிவாக விழுந்தது. பிறகு அவர் தன் பேஸை எடுத்து என்னோடு வாசித்தார். என் கோஸ்ட் நோட் எங்கே முந்துகிறது என்பதை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், கூடவே வாசித்தே புரியவைத்தார். பஸ் செலவையும் இழந்த ஞாயிறையும் இதற்காகத்தான் நியாயம் என்கிறேன்.

குறையும் உண்டு. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு, ஊர்த் திருவிழாக்கள் என்று கச்சேரி குவியும் மாதங்களில் பெங்களூர் பக்கமே போக முடியாது. அந்த இடைவெளியை ஆன்லைன் வகுப்பால் நிரப்பிக்கொள்வது நல்லது; கை நிலை சரியாகிவிட்ட பிறகு புதுப் பாடம் வாங்க அது போதும். ஏற்கெனவே டிரம்மரோடு வாராவாரம் உட்கார வாய்ப்பிருப்பவருக்கு, நேரில் போக வேண்டிய அவசரம் இவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன். நான் பழகியது நாலு கம்பி பேஸில். ஐந்து கம்பிக்காரர்களுக்கு வேண்டாத கம்பியை மியூட் செய்யும் (ஒலிக்காமல் அடக்கும்) வேலை கூடுதல், அவர்கள் கணக்கு கொஞ்சம் மாறலாம்.

போவதென்று முடிவானால் உங்கள் பேஸையே தூக்கிக்கொண்டு போங்கள், கனத்தைப் பார்க்காதீர்கள். டபுள் தம்ப்பில் விரல் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது கம்பியின் உயரத்தையும் கம்பிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியையும் பொறுத்தது. அங்கே இருக்கிற பேஸில் கை பழகிவிட்டு, வீட்டுக்கு வந்து உங்கள் பேஸை எடுத்தால் மேல் அடி கம்பியில் சிக்கும். முதல் வகுப்பிலேயே மாஸ்டரிடம் பேஸைக் கொடுத்து, கம்பி உயரத்தை, அதாவது ஆக்‌ஷனைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.