கிருஷ்ணகிரியில் மினியேச்சர் தீட்டுவதும் படமெடுப்பதும்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து மினியேச்சர்களுக்கு, அதாவது மேசை விளையாட்டுக்கான குட்டிப் போர்வீரர் பொம்மைகளுக்கு, வண்ணம் தீட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் தண்ணீரைப் பற்றித்தான் சொல்வேன். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் நல்ல உப்பு. சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் குடத்தில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் பெயிண்டைக் கரைத்துக் கறுப்பு அங்கியின் மடிப்புகளில் வாஷாக (நீர்த்த மெல்லிய பூச்சாக) ஓடவிட்டால், காய்ந்த பிறகு மடிப்புக்குள் சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம் நிற்கும். வெறுங்கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் பல்லிளிக்கும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே, இங்கே நிலத்தடி நீரில் பல்லைக் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான். அந்தத் தண்ணீர் வரும் நாளில் ஒரு பாட்டில் பிடித்து மேசைக்கு ஒதுக்கிவிடுவேன். இல்லையென்றால் ஆர்.ஓ. கேன். பிள்ளைகளின் பல்லைக் காக்க வந்த காவிரி, என் மேசையில் ஓர்க் (கதைகளில் வரும் பச்சைத் தோல் அரக்கன்) படையின் தோலையும் காக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மேசைமேல் படைகளை நகர்த்தி, டேப் வைத்துத் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகள் இருக்கின்றன. இதில் பெரிய பெயர் வார்ஹேமர் 40,000. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமிலிருந்து இயங்கும் கேம்ஸ் வொர்க்ஷாப் 1987-இல் கொண்டுவந்தது. வீரர்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகளாக ஒரு சட்டத்தில் வருவார்கள். வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டுவது நம் பாடு. நான் வைத்திருப்பவை பெரும்பாலும் 28 மி.மீ. அளவு, அதாவது சுண்டுவிரலில் பாதி. தள்ளி நின்று பார்த்தாலும் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலையையும் கையையும் உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாகவே செதுக்கியிருப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத் தீட்டறீங்களே தம்பி, எங்க கொலு செட்டியாருக்கு மூக்கு பேந்து போச்சு, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றார். பார்த்துக் கொடுத்தேன். ஓர்க் மூக்கைவிடச் செட்டியார் மூக்கு சுலபம்.

தண்ணீருக்கு அடுத்த எதிரி வெயில். பங்குனி, சித்திரை மதியங்களில் பிரஷ் நுனியில் எடுத்த பெயிண்ட் பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்தினால் நாம் காய்வோம். இதற்குக் கைகொடுப்பது ஈரத் தட்டு. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, அடியில் நனைத்த ஸ்பாஞ்ச், மேலே கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் பேப்பர், அவ்வளவுதான். ஈரம் காகிதத்தின் வழியே மெல்ல ஏறி, பெயிண்டை அன்று முழுக்க இளக்கமாகவே வைத்திருக்கும். பட்டர் பேப்பர் என்று கேட்டால் கடையில் எதையாவது கொடுப்பார்கள். சில வகை நனைந்ததும் சுருண்டுவிடும். ஓவனில் வைக்கலாம் என்று அட்டையில் போட்டிருப்பதுதான் தேறும். மருந்துக் கடை கிளிசரினை ஒரு சொட்டு தண்ணீரில் கலந்தாலும் காய்வது தாமதமாகும். கூடிப்போனால் பொம்மை பிசுபிசுவென்றே இருக்கும்.

பிரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடிப்பதெல்லாம் மொட்டை மாடியில், வெயில் ஏறும் முன். ஹார்டுவேர் கடையில் சாம்பல் நிற ஸ்ப்ரே பிரைமர் கேட்டால் "வண்டிக்குங்களா?" என்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவது நேர மிச்சம். கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு அது தாராளமாகப் போதும். வளையும் பி.வி.சி. பொம்மைகளில் மட்டும் சில ஸ்ப்ரேக்கள் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும், அவற்றுக்குப் பிரஷ்ஷால் தீட்டும் பிரைமர்தான். உச்சி வெயிலில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, மேற்பரப்பு உப்புக் காகிதம் போலச் சொரசொரப்பாகும். ஐப்பசி ஈரத்தில் மேட் வார்னிஷ் (கடைசியில் அடிக்கும் பளபளப்பில்லாத காப்புப் பூச்சு) அடித்தால் வெளுத்துப் போகும். ஆக, என் கணக்கில் தை, மாசிதான் ஸ்ப்ரே மாதங்கள். மற்ற மாதங்களில் தீட்டி வைத்ததெல்லாம் வார்னிஷுக்காகக் காத்துக் கிடக்கும்.

பெயிண்ட் விஷயத்தில் என் முடிவு இது: முகம், தோல், துணிக்கு வாயேஹோ, தளம் (பொம்மை நிற்கும் அடித்தட்டு), பாறை, மரக்கட்டைக்கு ஊரில் கிடைக்கும் ஆர்ட்டிஸ்ட் அக்ரிலிக் ட்யூப். வாயேஹோ ஸ்பெயின் நாட்டுச் சரக்கு. நான் வாங்கிய பாட்டில்கள் 17 மி.லி., சொட்டு மூக்கு வைத்தவை. விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் ஒரு பொம்மைக்குப் போவது ஓரிரு சொட்டுதான், முதலில் வாங்கிய சிவப்பு இன்னும் தீரவில்லை. வெள்ளையும் கறுப்பும்தான் சீக்கிரம் காலியாகும். கைவினைக் கடை வெள்ளி, தங்க நிறங்களை நான் விட்டுவிட்டேன். துணியிலும் பானையிலும் அழகாக இருக்கும் அந்த மினுக்குத் துகள், அரை அங்குலக் கத்தியில் சரிகை ஒட்டியது போல நிற்கிறது. 2019-இல் கேம்ஸ் வொர்க்ஷாப்பின் சிட்டாடல் பெயிண்ட் பிராண்ட் கான்ட்ராஸ்ட் வரிசையைக் கொண்டுவந்த பிறகு ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் வருகிற பெயிண்டுகள் பெருகிவிட்டன. ரோமம், கயிறு, சுருக்கம் விழுந்த தோல் இவற்றில் அற்புதம். கேடயம், அகலமான போர்வை போன்ற மொழுமொழு இடங்களில் குட்டை கட்டும், நம் வெயிலில் அந்தக் குட்டையின் ஓரம் கோடாகக் காய்ந்துவிடும்.

பிரஷ்ஷில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கொலின்ஸ்கி (சைபீரிய மரநாய் வகை) ரோம பிரஷ், 1 அல்லது 2 ஆம் எண். 000 வாங்கினால் கண் வரையலாம் என்று நினைப்பார்கள். அந்த நூலிழை பிடிக்கும் பெயிண்ட் கண்ணுக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். வயிறு பெருத்து நுனி கூரான பிரஷ்தான் நிதானம் கொடுக்கும். சோப்பில் கழுவி, நுனியை விரலால் கூராக்கி வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும். இயற்கை ரோமத்தைப் பூச்சி அரிக்கும், டப்பாவில் அந்துருண்டை ஒன்று போட்டுவையுங்கள்.

இந்த ஊருக்கே உரிய லாபம் ஒன்று இருக்கிறது: கிரானைட். அறுக்கிற பட்டறைகளில் வெளியே கொட்டிக் கிடக்கும் சில்லும் பொடியும் பொம்மையின் தளத்துக்கு அப்படியே பொருந்தும். வெளிநாட்டு டப்பாவில் 'பாறைத் தூள்' என்று காசு கொடுத்து வாங்குவதைவிட நிஜமாக இருக்கும், நிஜப் பாறைதானே. டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் ஒட்டி, பழுப்பு வாஷ் விட்டு, வெளிர் சாம்பலை ட்ரை பிரஷ் செய்தால் (ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது) எங்கள் ஊர்க் கோட்டை மலையின் ஒரு சில்லு பொம்மையின் காலடியில். சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். கிரானைட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. நனைத்த பிறகு கையாள்வது இன்னும் நல்லது.

அப்புறம் நடுகல் வீரர்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்தால் ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர்களின் நிற்கும் தோரணை கண்ணில் ஒட்டிக்கொள்ளும்: ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள், பக்கவாட்டில் முடிந்த கொண்டை, உடம்பில் தைத்த அம்பு. ஐரோப்பியக் காட்டுவாசி வீரர்களை எடுத்து, கொம்பு வைத்த தலைக்கவசத்தைச் சீவிவிட்டு, எம்-சீலில் கொண்டை வைத்தேன். கலந்த உடனே கையில் ஒட்டும், கொஞ்சம் பொறுத்தால் சொன்னபடி கேட்கும், அதிகம் பொறுத்தால் கல். அந்த இடைவெளிக்குள், நனைத்த ஊசி முனையால் முடிக்கற்றைகளைக் கீறிவிட வேண்டும். தோலுக்கு அடர் பழுப்பில் ஆரம்பித்து, செம்மண் கலந்து மூக்கு, கன்னம், தோள்பட்டை என மேடான இடங்களை மட்டும் வெளுக்க வேண்டும். டப்பாவில் 'தோல் நிறம்' என்று வருவது பெரும்பாலும் ரோஸ் கலந்த வெளுப்பு, நம் ஆளுக்கு அது உதவாது. கல்லில் நிறம் இல்லாததால் வேட்டியின் நிறம் என் இஷ்டம். காவிச் சிவப்பு அடித்தேன்.

படமெடுப்பதற்கு வருவோம். இதுதான் எனக்கு ஆசானாகவும் இருந்தது, கொஞ்சம் கெடுத்தும் வைத்தது.

கேமரா எது என்பதைவிட விளக்கு எது என்பதே முக்கியம். ஒரே கடையில், ஒரே வகையில், 6500 கெல்வின் (பகல் வெள்ளை) எல்.இ.டி. பல்பு இரண்டு வாங்குங்கள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்றால் எந்தச் செயலியாலும் முகத்தைத் திருத்த முடியாது. அட்டையில் சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் போட்டிருந்தால் தோல் நிறம் செத்துப் போகாமல் வரும். மீன், மருந்து அனுப்பும் தெர்மகோல் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் அறுத்து, அங்கே டிரேசிங் பேப்பர் ஒட்டி, வெளியிலிருந்து விளக்கைப் போட்டால் நிழல் மெத்தென்று விழும். பின்னணிக்குச் சாம்பல் நிறச் சார்ட் பேப்பரை வளைத்து வைக்கிறேன். வெள்ளை வைத்தால் போன் அதைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று முடிவு கட்டி, பொம்மையை இருட்டாக்கிவிடும். வெள்ளைதான் வேண்டும் என்றால் திரையில் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும்.

எல்லோரும் செய்வது, போனை மூக்குக்கு நேராகக் கொண்டுபோவது. மிக நெருங்கினால் வாள் நுனி தெளிவாக இருக்கும், முகம் கலங்கும். இரண்டடி தள்ளி வைத்து, 2 மடங்கு ஜூம் போட்டு, எடுத்த பிறகு வெட்டிக்கொண்டால் தலை முதல் கால் வரை தெளிவாக வரும். போனை எதிலாவது சாய்த்து, 3 விநாடி டைமர் வைத்தால் கை நடுக்கம் போச்சு. டியூப் லைட்டில் படத்தில் குறுக்குக் கோடுகள் ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதுதான் காரணம். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் நிறுத்தினால் கோடு மறையும். டி.எஸ்.எல்.ஆர். கேமரா இருந்தால் லென்ஸ் துளையை எஃப்/11 பக்கம் வைத்துப் பாருங்கள். எஃப்/16 தாண்டினால் தெளிவாக வரும் ஆழம் கூடும், ஆனால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் மொத்தமாக மழுங்கும்.

இப்படி எடுத்த படத்தில் 3 செ.மீ. ஆள் திரை முழுக்க நிற்பான். கண்ணின் வெள்ளை கன்னத்தில் வழிந்தது, வார்ப்பில் விழுந்த அச்சுக் கோடு தொடையில் சுரண்டப்படாமல் நிற்பது, பிரஷ்ஷிலிருந்து விழுந்த ஒரு முடி, எல்லாம் தெரியும். வார்னிஷுக்கு முன் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் படத்துக்காகவே தீட்ட ஆரம்பித்தால் கை தானாகவே எல்லாவற்றையும் வழவழப்பாக்கப் பார்க்கும். நிறம் நிறத்தோடு நைசாகக் கலக்கும், மேசையில் வைத்தால் மங்கிய ஒரு கட்டி. தர்மபுரி நண்பர் படத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்குப்பா" என்பார். ஆட்டத்தில் அதே பொம்மையைத் தேடி, "உன் தளபதி எங்கப்பா?" என்பார். மூன்றடி தூரத்தில் வேலை செய்வது முரட்டு வெளிச்சக் கோடும் நல்ல இருட்டு மடிப்பும்தான். இப்போது தளபதிக்கு மட்டும் கேமராவை வைத்துத் தீட்டுகிறேன், அவர் அங்கியின் ஓரத்தில் ஒரு பளிச் கோடும் போட்டுவிடுகிறேன். சிப்பாய்களுக்கு மேசைத் தூரம் போதும், அவர்கள் படத்துக்குக் கும்பலாக நின்றுகொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் படையை பஸ்ஸில் கொண்டுபோவது தனிக் கலை. தளத்தின் அடியில் சிறு நியோடிமியம் காந்தம் ஒட்டி, தகர பிஸ்கட் டப்பாவில் நிறுத்தினால் காவேரிப்பட்டணம் வேகத்தடைகளுக்கும் அசையாது. கிரானைட் தளம் போட்டவர்களுக்குக் கனம் அதிகம், அவர்களுக்கு இரண்டு காந்தம்.