பெற்றோல் ஆவி லீக்: சவர்க்கார நுரையா, புகை மெஷினா?

செக் எஞ்சின் லைற் எரிஞ்சு பிழைக் கோட்டை வாசிக்கிற ஸ்கானர்ல பி0455 எண்டு வந்தா அது பெற்றோல் ராங்கின்ர ஆவி போற பாதையில பெரிய லீக், முதல்ல ராங்க் மூடியைக் கழட்டிப் பாருங்கோ, மாங்குளம் பக்கத்துச் செம்மண் ரோட்டில ஓடுற காரெண்டா அந்த றப்பர் வளையத்தில புழுதி அப்பியிருக்கும், துடைச்சு இறுக்கினாலே சிலவேளை அலுவல் முடிஞ்சிடும்.

அதுக்கும் சரிவராட்டித்தான் மற்றதுகள். உள்ளுக்குக் காத்தை அடிச்சு, வெளியில சவர்க்கார நுரையைப் பூசிக் குமிழி வாற இடத்தைப் பாக்கிறது மலிவு, கண்ணுக்குத் தெரியிற ஹோசுகளுக்கு நல்லம், ஆனா ராங்குக்கு மேல ஒளிச்சிருக்கிற பைப்புக்கு எங்க போய்ப் பூசிறது? காத்தமுக்கமும் 1 பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடாது. ரயருக்கு அடிக்கிற கொம்பிரசரை நேரா குடுத்து நல்லாயிருந்த வால்வையும் உடைச்ச விண்ணன் நான்தான், சிரிக்காதேங்கோ.

பி0456 வந்தா 0.5 மில்லிமீற்றர் அளவு ஓட்டை, அதுக்கு என்ர வாக்கு, உள்ளுக்குப் புகையை விட்டு அது வெளியில வாற இடத்தைப் பாக்கிற புகை மெஷினுக்குத்தான். வெளிக்காத்து உள்ளுக்கு வாற வென்ற் வால்வு சும்மா இருக்கேக்க திறந்துதான் இருக்கும், ஸ்கானரால அதை மூடாட்டிப் புகையெல்லாம் அதாலதான் போகும், பிறகு அதையே லீக் எண்டு நினைச்சுப் புது வால்வு வாங்காதேங்கோ. சோளகம் அடிக்கேக்க வெளியில வச்சும் செய்யாதேங்கோ, மெல்லிய புகை கண்ணில படாது.