அல்சூர் பிரிண்ட் கடையும் மகளின் படங்களும்

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்னக் கடை. மகளின் 2ஆம் பிறந்தநாள் படங்களை 4க்கு 6 அங்குலத்தில் போடக் கொடுத்தேன். "வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம்மா, தெளிவு குறைஞ்சிடும். போனில் இருக்கிற அசலைக் கொடுங்க" என்றார் கடைக்கார அண்ணா. அப்புறம் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினார். முக்கால்வாசி நான் நின்றபடி எடுத்தவை. குழந்தையின் உச்சந்தலைதான் தெரிகிறது. "முட்டி போட்டு அவ கண் மட்டத்துக்கு வாங்க. ஜூம் பண்ணாம கிட்டப் போங்க. ஓடுற பிள்ளைக்கு ஷட்டர், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடுற நேரம், 1/250 நொடியோ அதைவிடக் குறைவாவோ இருக்கணும்" என்றார். எவ்வளவு பொறுமை! படங்களைப் போட்டுத் தந்த ஆல்பத்தின் அட்டை மட்டும் சுமார்தான். போன ஞாயிறு கப்பன் பார்க்கில் மண்ணில் உட்கார்ந்து எடுத்த படத்தில் அவள் கண்ணுக்குள் வானத்து வெளிச்சம் தெரிகிறது. அதைப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.