போகார்டஸ் பந்தும் பெயின் பந்தும்: 1877ஆம் ஆண்டின் இரு கண்ணாடி இலக்குகள்

உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டிகளுக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு வலுத்து வந்த காலத்தில்தான், காற்றில் எறிந்து சுடும் உள்ளீடற்ற கண்ணாடிப் பந்துகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. 1860களில் பாஸ்டனைச் சேர்ந்த சார்லஸ் போர்ட்லாக் அவற்றை அங்கே அறிமுகப்படுத்தினார். ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் விட்டமும் குட்டையான கழுத்தும் கொண்ட அந்தப் பந்துகளில் இரண்டு குறைகள் இருந்தன. வழவழப்பான பரப்பின் ஓரத்தில் படும் ஈய ரவை உடைக்காமல் வழுக்கிச் சென்றுவிடும். தொலைவில் இருப்பவருக்குப் பந்து உடைந்ததா என்பதே ஐயமாக இருக்கும். 1877இல் காப்புரிமை பெற்ற இரண்டு பந்துகள் இவற்றில் ஆளுக்கொரு குறையைத் தீர்க்க முயன்றன.

அந்த ஆண்டு ஏப்ரல் 10 அன்று காப்புரிமை பெற்ற கேப்டன் ஆடம் போகார்டஸ், பந்தின் பரப்பைச் சொரசொரப்பாக்கினார். மேலும் கீழும் வலைப்பின்னல் போன்ற புடைப்புகள், நடுவே அவருடைய பெயரும் தேதியும் தாங்கிய பட்டை என்று அமைந்த அப்பந்தைக் கையில் எடுத்தால், ரவை வழுக்க இடமில்லை என்பது விரல்களுக்கே தெரிந்துவிடும். துப்பாக்கி வீரரான அவர், சுடுபவரின் இழப்பைத்தான் முதலில் கணக்கில் கொண்டார்.

அக்டோபர் 23 அன்று காப்புரிமை பெற்ற ஐரா பெயின், பார்ப்பவர் பக்கம் நின்று யோசித்தார். அவருடைய பந்துக்குள் இறகுகள் அடைக்கப்பட்டிருந்தன. உடைந்ததும் அவை காற்றில் பரவுவதால் நடுவருக்கும் கூட்டத்துக்கும் ஐயம் எழாது. அழகான ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு பந்திலும் இறகை அடைப்பது கூடுதல் வேலை, ஓரத்தில் பட்ட ரவைக்கும் அது பதிலாகாது. இலக்கு என்ற அளவில் போகார்டஸ் பந்தே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டுமே நெடுநாள் நிலைக்கவில்லை. பந்து எவ்வளவு திருத்தப்பட்டாலும் வளைந்து எழுந்து விழுமே தவிர, பறவையைப்போல் தாழ்வாக விரைந்து விலகாது. உடைந்த சில்லுகளோ தரையெங்கும் கிடக்கும். சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி 1880இல் கொண்டுவந்த களிமண் தட்டு சுழன்றபடி தட்டையாகப் பறந்தது. 1883இல் போகார்டஸே மற்றொரு துப்பாக்கி வீரரான டாக் கார்வருடன் நடத்திய 25 போட்டிகளில் அந்தத் தட்டுகளைத்தான் சுட்டார். கார்வர் 19 போட்டிகளில் வென்றார்.

சேகரிப்பவருக்கு மட்டும் என் தேர்வு மாறும். போகார்டஸ் பந்துகளில் அம்பர் நிறம் எளிதில் கண்ணில் படும். கருநீலம் போன்றவை அரிது. ஆனால் இறகு கலையாமல் முழுதாகத் தப்பிய பெயின் பந்து கிடைத்தால் அதையே முதலில் வாங்குவேன். எதை வாங்கினாலும் கழுத்து விளிம்பைப் பார்த்துவிட வேண்டும்: கண்ணாடி ஊதும் குழலிலிருந்து பிரித்தெடுத்த இடம் பழைய பந்துகளில் கரடுமுரடாகவே விடப்பட்டிருக்கும் என்பதால், மழுமழுவென்று தேய்த்த விளிம்பு புதிதாகச் செய்த நகலோ என்ற ஐயத்தை எழுப்ப வேண்டும்.