கம்பியில்லா இணைப்பில் குரலுக்கு முதலிடம்: திருவொற்றியூரில் இரண்டு ஆண்டு அனுபவம்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் சந்துக்குள் ஃபைபர் கேபிள் இன்னும் வரவில்லை. அதனால் மொட்டை மாடியில் ஆன்டெனா பொருத்தி, இரண்டு ஆண்டுகளாகக் கம்பியில்லா பிராட்பேண்ட் இணைப்பையே பயன்படுத்தி வருகிறேன். தினமும் மாலையில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இணையவழியில் கணக்குப் பாடம் எடுப்பதால், என் குரல் தடங்கலின்றி அவர்களைச் சேர்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

முதல் ஆறு மாதங்கள் அது நடக்கவில்லை. வேகச் சோதனை 40 மெகாபிட் காட்டும். ஆனால் வீட்டில் யாருடைய கைபேசியாவது படங்களைக் கிளவுடில் ஏற்றத் தொடங்கியதும், 35 மில்லி விநாடியாக இருந்த பிங் (டேட்டா போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) 500-ஐத் தாண்டிவிடும், "மிஸ், குரல் விட்டு விட்டு வருது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். குரல் உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

ரவுட்டரின் முன்னுரிமைப் பட்டியலில் என் மடிக்கணினியை முதலில் வைத்துப் பார்த்தேன், பயனில்லை. நெரிசல் இருந்த இடம் ரவுட்டர் அன்று, அதற்கு அப்பால் இருக்கும் மோடம் என்பது பிறகுதான் புரிந்தது. பதிவேற்ற வேகம் 8 மெகாபிட்டாக இருக்கையில் 500 கிலோபைட் டேட்டா அங்கே தேங்கினால், பின்னால் வரும் குரல் பாக்கெட் (குரலைச் சுமக்கும் சிறு டேட்டாத் துண்டு) அரை விநாடி காத்திருந்தே ஆக வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகம் நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்கும்போது, எங்கள் சந்திலிருந்து ஆம்புலன்ஸை முதலில் வெளியே விட்டு என்ன பயன்?

ஆகவே ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டர் ஒன்றை வாங்கி, 2018-இல் லினக்ஸ் 4.19 கெர்னலில் சேர்க்கப்பட்ட, டேட்டா வரிசையை நிர்வகிக்கும் 'கேக்' முறையை, அதில் உள்ள எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மை வசதி வழியாக இயக்கினேன். இணைப்பின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வரம்பு வைத்தால், வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரிலேயே நிற்கிறது. அங்கே கேக் ஒவ்வொரு தொடர்பையும் தனித்தனியாகப் பிரித்து, குரல் போன்ற சிறிய ஓட்டங்களைக் காக்க வைக்காமல் அனுப்புகிறது. ஃபைபரில் ஒரு முறை வரம்பு வைத்தால் பெரும்பாலும் போதும். கம்பியில்லா இணைப்பில் அந்த உண்மையான வேகமே நிலையாக நிற்பதில்லை: காலையில் 10 மெகாபிட் வரும் பதிவேற்றம் இரவு எட்டு மணிக்கு 5.5 ஆகிறது. மிக மோசமான நேரத்தை அளவுகோலாகக் கொண்டு 5 என்று வைத்தேன். காலை வேகத்தில் பாதியை இழந்தாலும், எவ்வளவு பதிவேற்றம் நடந்தாலும் பிங் 60-ஐத் தாண்டுவதில்லை என்பதால் அந்த இழப்பை மனதார ஏற்கிறேன். தாமதத்தை அளந்து வரம்பைத் தானே மாற்றும் கேக்-ஆட்டோரேட் நிரலை இப்போது பகலில் மட்டும் பயன்படுத்துகிறேன். வகுப்பு நேரத்தில் நிலையான வரம்பையே நம்புகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் தாமதம் திடீரென்று திரும்பியது. அமைப்புகளையே ஒரு வாரம் துருவிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாடிக்குச் சென்று பார்த்தால், கடலின் உப்புக் காற்றில் ஆன்டெனா கேபிளின் முனை களிம்பேறியிருந்தது. பதிவேற்றம் 4 மெகாபிட்டாகி என் வரம்புக்கும் கீழே போனதால், வரிசை மீண்டும் மோடத்துக்கே சென்றுவிட்டிருந்தது. முனையை மாற்றி, நீர் புகாத டேப் சுற்றிய அன்று மாலை வகுப்பில் யாரும் குரலைப் பற்றிக் கேட்கவில்லை.