அப்பாவின் குதிரை நோட்டைக் கட்டித் தந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பைண்டிங் கடை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் தம்பிப்பிள்ளை பக்கத்துச் சந்து ஒன்றில், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடைக்கு மேல் மாடியில் இந்த பைண்டிங் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கீழே போய் “பைண்டர் அண்ணன் இருக்காரா?” என்று கேட்டால் படிக்கட்டைக் காட்டுவார்கள். படி செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் போதும், அண்ணனின் மகள் இறங்கி வந்து வாங்கிக்கொள்வார்.

நான் கொடுத்தது அப்பாவின் குதிரை நோட்டு.

அப்பா ஜாலான் அம்பாங் குதிரைப் பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, வேலை பார்த்தவர். இப்போது இரட்டைக் கோபுரம் நிற்கிற இடம் அது. அந்தத் திடலை நடத்திய சிலாங்கூர் டர்ஃப் கிளப் 1993-இல் சுங்கை பீசிக்குப் போவதற்கு முன்பே அவர் வேலையை விட்டுவிட்டார். விடிகாலை நாலு மணிக்கு லாயத்துக்குப் போனால் குதிரையைத் தேய்த்து, நடத்தி, தீனி வைத்துவிட்டு வெயில் ஏறும்போது வருவார். வரும்போது கையில் பழைய இங்கிலாந்துப் பத்திரிகைகள் இருக்கும், முதலாளிமார் படித்துவிட்டுப் போட்டவை. பந்தயப் படங்களை வெட்டி, கஞ்சிப் பசை தடவி, ஒரு கணக்குப் பேரேட்டில் ஒட்டிவைப்பார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். நான் படித்துச் சொல்வேன், அவர் படத்தின் கீழே பென்சிலில் தமிழில் எழுதிக்கொள்வார். எது ஜெயித்தது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். “இவன் யாரு மகன்? யாரு வீட்டுல பொண்ணு எடுத்தவன்?” என்றுதான் முதலில் கேட்பார்.

அதனால் அந்த நோட்டில் குதிரைகளைவிடக் குடும்பங்கள்தான் அதிகம். முதல் நாலு பக்கமும் லெஸ்டர் பிகட் என்ற இங்கிலாந்து ஜாக்கி, அதாவது பந்தயக் குதிரை ஓட்டுபவர். 12 வயதில், 1948-இல், ஹேடாக் திடலில் முதல் வெற்றி. 18 வயதில் டெர்பி என்ற பெரிய பந்தயத்தில் முதல் வெற்றி. மொத்தம் 9 டெர்பி, பிரிட்டனில் மட்டும் 4,493 வெற்றிகள். இதையெல்லாம் அப்பா ஓரத்தில் சின்னதாகக் குறித்திருப்பார். பெரிய எழுத்தில் இருப்பது இதுதான் (கிராண்ட் நேஷனல் என்பது தடை தாண்டி ஓடுகிற பெரிய பந்தயம்): “தாத்தா எர்னி, கிராண்ட் நேஷனல் 1912, 1919. அப்பா கீத், 1963-இல் அயாலா குதிரைக்குப் பயிற்சி. பாட்டி கேனன் வீட்டுப் பெண். அம்மா ரிக்கபி வீட்டுப் பெண். மனைவி ஆம்ஸ்ட்ராங் வீட்டுப் பெண்.” மூன்றுமே குதிரை வீடுகள். கீத்தின் தாய்மாமன்களில் இரண்டு பேர் மார்னி கேனனும் கெம்ப்டன் கேனனும். மார்னி 1899-இல் ஃப்ளையிங் ஃபாக்ஸ் என்ற குதிரை மேல் டெர்பி உட்பட மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்தவர், கெம்ப்டன் 1904 டெர்பியை ஜெயித்தவர். தாய்மாமன் என்ற சொல்லை எழுதி அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருப்பார் அப்பா. வெள்ளைக்காரர்களிலும் மாமன் கை ஓங்கியிருக்கிறது என்று அவருக்கு அத்தனை சந்தோஷம்.

சரி, கடைக்கு வருகிறேன். இங்கே வருவதற்கு முன் இந்த நோட்டை வேறொரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். அங்கே இருந்த பையன் நல்ல எண்ணத்தில்தான் செய்தான், ஆனால் என்னைக் கேட்காமல் முதல் தாளை ஓரம் சமமாக வெட்டி, பிளாஸ்டிக் போட்டு ஒட்டிவிட்டான். “தாத்தா எர்னி” என்பதில் “தாத்” என்ற வரைக்கும் போய்விட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மிச்சத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் இரண்டு வருடம் அலமாரியை விட்டு எடுக்கவில்லை. அதற்குள் ராமபாணப் பூச்சி முதுகுப் பக்கத்தில் வேலையைக் காட்டிவிட்டது.

பைண்டர் அண்ணன் நோட்டைத் திறந்த விதத்திலேயே எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, நோட்டை அதன்மேல் வைத்து, இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக்கொடுத்துத்தான் திறந்தார். முழுசாக விரித்தால் முதுகு உடையும் என்றார். எதையும் தொடாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் மகள் டீ கொண்டுவந்தபோது அதை ஜன்னலோரம் வைக்கச் சொன்னார், மேசைக்கு வரவிடவில்லை.

நடுப்பக்கம் வந்ததும் நிறுத்தினார். “இங்க ஒரு தாள் இடம் மாறியிருக்கும்மா. இந்தப் பக்கம் 1973, எதிர்ப்பக்கம் 1991. முன்ன பின்ன எல்லாம் வரிசையா இருக்கே?”

இடம் மாறவில்லை, அப்பா தெரிந்தே அப்படி ஒட்டினார் என்றேன். அவர் கட்டையை நகர்த்திவிட்டு உட்கார்ந்து கேட்டார்.

1973 கிராண்ட் நேஷனல். ரிச்சர்ட் பிட்மன் என்ற ஜாக்கி, கிரிஸ்ப் என்ற குதிரை. 30 தடைகளையும் தாண்டி, வெகுதூரம் முன்னால் வந்துவிட்டது. ஆனால் அது சுமந்தது 12 ஸ்டோன், அதாவது 168 பவுண்டு எடை. பின்னால் வந்த ரெட் ரம்முக்கு அதைவிட 23 பவுண்டு குறைவு. கடைசித் தடைக்கு அப்பால் இருக்கிற நீண்ட புல்தரையில் கிரிஸ்ப்புக்குக் கால் தள்ளாடியது, கோட்டுக்குப் பக்கத்தில் வந்து முக்கால் குதிரை நீளத்தில் தோற்றது. இது இடப்பக்கம். வலப்பக்கம் 1991. அதே ஏய்ன்ட்ரீ திடல், அதே புல்தரை. கடைசித் தடையை முதலில் தாண்டி வந்தது காரிசன் சவானா. மேலே இருந்தது ரிச்சர்டின் மகன் மார்க் பிட்மன். அவரையும் சீக்ராம் என்ற குதிரை அங்கேதான் பிடித்தது. ரிச்சர்ட் இழந்த இடத்திலேயே 18 வருடம் கழித்து மகனும் இழந்தார்.

1973 படத்துக்கு எதிரே முதலில் வேறு ஏதோ படம் இருந்தது. 1991-இல் அந்தப் பத்திரிகை கிடைத்த ராத்திரி, அப்பா சோற்றுப் பானையின் ஆவியில் அந்தப் பக்கத்தைப் பிடித்துப் பழைய படத்தை உரித்து எடுத்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதுப் படத்தை ஒட்டி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினார், குதிரையின் கழுத்தை நீவுகிற மாதிரியே. அப்புறம் பென்சிலை எடுத்து எழுதியது ஒரே வரி: “அம்மா ஜெயிச்சாச்சு.” மார்க்கின் அம்மா ஜென்னி பிட்மன். 1983-இல் கார்பியர் என்ற குதிரைக்குப் பயிற்சி கொடுத்து, கிராண்ட் நேஷனலை வென்ற முதல் பெண் பயிற்சியாளர் ஆனவர். 1991-லும் நேஷனலுக்குச் சில வாரம் முன்னால் செல்டனம் கோல்டு கப்பை அம்மா பயிற்சியில் மகன் சவாரியில் இதே காரிசன் சவானா வென்றிருந்தது.

“அப்போ இது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டே இருக்கணும்” என்றார் அண்ணன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் மெல்லிய பென்சிலால் எண் போட்டு, மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுக்கச் சொன்னார். அந்த நிமிடமே நோட்டை விட்டுவிட்டு வரலாம் என்று தோன்றிவிட்டது.

வேலையைப் பற்றி எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன். செய்தித்தாள் மரக்கூழில் செய்வது, அதில் உள்ள அமிலம் நாளாக ஆகத் தாளை மஞ்சளாக்கி நொறுக்கிவிடும். அதை நிறுத்த முடியாது, தள்ளிப்போட முடியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பொய் ஆசை காட்டாதது எனக்குப் பிடித்தது. பக்கத்துக்குப் பக்கம் அமிலம் இல்லாத தாள் வைத்தார்கள். பிற்காலத்தில் நான் அறியாமல் ஒட்டிய செலோடேப்பை இளஞ்சூடான கத்தியால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எடுத்தார்கள். கிழிசலுக்குப் பின்னால் நூலாம்படை மாதிரி மெல்லிசான ஜப்பானியத் தாள், மாவுப் பசை. பூச்சி தின்ற முதுகை எடுத்துவிட்டு ஃபாரம் ஃபாரமாக (மடித்த தாள் கட்டுகளாக) பிரித்து, தேன்மெழுகு ஏற்றிய நூலால் திரும்பத் தைத்தார்கள். அட்டைக்குப் பச்சைக் காலிகோ துணி. தைத்தது முழுக்க மகள்தான். ஊசி போகிற வேகத்தைப் பார்த்து, எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். “படிக்கல ஆன்ட்டி. சின்ன வயசிலேருந்து இந்த மேசைக்கு அடியிலதான் விளையாடுவேன்” என்றார்.

இந்தப் பதிலை நான் நோட்டிலிருந்து ஏற்கெனவே அறிவேன். இங்கிலாந்தில் ஜாக்கி வீடுகளும் பயிற்சியாளர் வீடுகளும் தலைமுறை தலைமுறையாக வருவதற்கு ரத்தத்தைத்தான் காரணம் சொல்வார்கள். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். வீட்டுக் கொல்லையில் லாயம், எழுந்தால் குதிரை, பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒரு சவாரி. லெஸ்டருக்குக் குருவே அவருடைய அப்பாதான். முதலாளிகளும் அப்பனை நம்பின பழக்கத்தில் மகனிடம் குதிரையை விடுகிறார்கள். லாயமும் ஓட்டப் பாதையும் வீட்டோடு வந்துவிடுகின்றன. சைஸ் மகனுக்கும் இதில் கைத்திறமை வரைக்கும் கிடைக்கும், மீதி கிடைக்காது. எங்கள் வரிசை வீடுகளில் அப்படிப் பார்த்துப் பழகிய பையன்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

மகள்களுக்கு அங்கேயும் வாசல் தாமதமாகத்தான் திறந்தது. 1966-இல் ஃப்ளாரன்ஸ் நேகல் வழக்குப் போட்டு வாங்கிய பிறகுதான் பந்தயங்களைக் கட்டுப்படுத்திய ஜாக்கி கிளப் பெண்களுக்குப் பயிற்சியாளர் உரிமம் கொடுத்தது. அதுவரை பெண் பயிற்சி கொடுப்பாள், காகிதத்தில் ஆண் பெயர் இருக்கும். சூசன் ஆம்ஸ்ட்ராங்கும் லாயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா சாம், பரோடா மகாராஜாவின் சயாஜிராவ் என்ற குதிரையை 1947 செயின்ட் லெஜர் பந்தயத்தில் ஜெயிக்கவைத்தவர். லெஸ்டரின் மனைவி என்றே எல்லாரும் எழுதினார்கள். 1987-இல் வரி வழக்கில் லெஸ்டர் சிறைக்குப் போனபோது லாயத்தைத் தன் பெயரில் எடுத்து நடத்தியவர் சூசன்தான். அந்தத் துணுக்கு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அப்பா அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார். அண்ணனின் மகள் அந்தப் பக்கத்துக்கு மட்டும் மேலே ஒரு மெல்லிய தாள் கூடுதலாக வைத்துத் தைத்திருந்தார், நான் கேட்கவில்லை.

அப்பா கடைசியாக ஒட்டியது 1996 டெர்பி. ஷாமித் ஜெயித்தது. பயிற்சி வில்லியம் ஹாகஸ், லெஸ்டரின் மூத்த மகள் மாரீனின் கணவர். சவாரி மைக்கேல் ஹில்ஸ், பயிற்சியாளர் பாரி ஹில்ஸின் மகன், அவருக்கு ரிச்சர்ட் என்று இரட்டைச் சகோதரர், அவரும் ஜாக்கி. அப்போது அப்பாவுக்குக் கை நடுங்கும். “மருமகன் குதிரை” என்று எழுதியது கோணல் மாணலாக இருக்கிறது. அதை அழுத்தித் துடைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஒரு கோடு கலையவில்லை.

குறைகள் இருக்கின்றன. ஒரு மாதம் என்றார்கள், பத்து வாரம் ஆனது. தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும், வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. அட்டையில் தங்க எழுத்துப் பொறித்ததில் ‘குதிரை’ என்ற சொல்லின் ‘தி’ கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. தமிழ் எழுத்து அச்சு இப்போது முழுசாகக் கிடைப்பதில்லையாம், இருப்பதை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். எனக்கு ஆன கூலி 420 வெள்ளி (ரிங்கிட்). ரொக்கமாகக் கொண்டுபோங்கள். எனக்கு அது கூடுதலாகப் படவில்லை. பள்ளிப் புத்தகம், கணக்கு நோட்டு என்றால் பக்கத்துக் கடைகளிலேயே மலிவாக முடித்துக்கொள்ளலாம், அதற்கு இங்கே வர வேண்டாம்.

முதல் கடைக்காரர் வெட்டிய பக்கத்தை இவர்கள் பிளாஸ்டிக்கிலிருந்து பிரித்தெடுத்து, காணாமல் போன ஓரத்துக்கு வெறும் வெள்ளைத் தாள் பொருத்தியிருக்கிறார்கள். எழுத்தை நிரப்பவா என்று கேட்டார் அண்ணன். வேண்டாம் என்றேன்.

“கடைசில எத்தனை வெள்ளைத் தாள் விடட்டும்?” என்றும் கேட்டார். எட்டு என்றேன். இரண்டு தீர்ந்துவிட்டன. ஒன்றில் லெஸ்டர், 2022 மே மாதம் இறந்தபோது வந்த படம். மற்றதில் பிரயனி ஃப்ராஸ்ட். 2019 செல்டனம் திருவிழாவில் ஃப்ரோடன் என்ற குதிரையில், அங்கே தடை தாண்டும் முதல்தரப் பந்தயம் ஒன்றை ஜெயித்த முதல் பெண். அண்ணனின் மகள் ஒரு சின்ன டப்பாவில் மாவுப் பசை கொடுத்தனுப்பியிருந்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி ஒட்டினேன். கீழே பென்சிலில் எழுதினேன்: “ஜிம்மி ஃப்ராஸ்ட் மகள். அப்பா 1989-இல் லிட்டில் பால்வேர் மேல் நேஷனல் ஜெயித்தவர்.”