பொறிக்கூண்டா, கவிழ்கூண்டா: கடைசிப் பூனையைப் பிடிக்க எது உதவும்?

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தை நம்பி 14 பூனைகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, பழைய இடத்திலேயே விட்டு முடிக்க எனக்கு ஒன்றேகால் வருடம் ஆனது. அவற்றில் 11 பூனைகள் பொறிக்கூண்டில் விழுந்தவை. கயிற்றை இழுத்துப் பூனைமேல் கவிழ்க்கும் கவிழ்கூண்டில் கிடைத்தவை மூன்றுதான். ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கவிழ்கூண்டைத்தான் வைத்துக்கொள்வேன். அந்த மூன்றில் ஒன்று மூக்குத்தி.

மூக்கில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்ததால் குடியிருப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என மூன்று நிறம். மூன்று நிறம் கலந்த பூனை என்றால் பெரும்பாலும் பெட்டைதான். பூனையின் கர்ப்பகாலம் இரண்டு மாதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகிவிடும். 13 பூனைகளைப் பிடித்துவிட்டு மூக்குத்தியை விட்டிருந்தால், அடுத்த வருடம் நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

முதலில் பொறிக்கூண்டு. நம் வீட்டு எலிப்பொறியைப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அதுதான். இரண்டரை அடி நீளக் கம்பிப் பெட்டி, முன்பக்கம் விழும் கதவு, பின்பக்கம் தூக்கும் கதவு, உள்ளே ஒரு மிதித் தகடு. பூனை தகட்டை மிதித்தால் முன்கதவு படாரென விழும். ஒரே ஆள் வைக்கலாம், தூக்கலாம், ஆட்டோவில் ஏற்றலாம். பிடித்த பெட்டியிலேயே மருத்துவமனை வரைக்கும் போய்விடலாம், பூனையை இடம் மாற்றும் வேலை கிடையாது. விழுந்தவுடன் மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டால் பூனை அடங்கிவிடும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், நீட்டவில்லை.

வில்லங்கம், அந்தக் கதவு யாருக்கு மூடுகிறது என்பதில் நமக்கு எந்தப் பேச்சும் இல்லை என்பதில் ஆரம்பிக்கிறது. எங்கள் கறுப்பன் ஒரு கடுவன். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, ஆபரேஷன் ஆனதற்கு அடையாளம் செய்துவிட்டோம். அதற்குப் பிறகும் அவன் மூன்று முறை கூண்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தான். உள்ளே கவலை மீன் கிடைக்கும், காலையில் எப்படியும் திறந்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. மூன்றாவது முறை வாட்ச்மேன் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நம்ம கறுப்பன்தான் மறுபடி. இவன் டிபன் சாப்பிட வர்றான்" என்றார். மருத்துவமனையில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எனக்கு ஒரே ஒரு இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அது வீண்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கதவை ஒரு தண்ணீர் பாட்டிலால் முட்டுக்கொடுத்து, பாட்டிலில் கயிறு கட்டி, நமக்கு வேண்டிய பூனை உள்ளே போனதும் இழுக்கலாம். கறுப்பன் தொல்லை அதோடு தீர்ந்தது. மூக்குத்தி பிரச்சினை தீரவில்லை. பொறியோ பாட்டிலோ, எதுவானாலும் பூனை ஒரு குறுகலான பெட்டிக்குள் தலையைக் குனிந்து நுழைந்தாக வேண்டும். மூக்குத்தி நுழைய மாட்டாள்.

அதற்குக் காரணம் நான்தான். ஆரம்பத்தில் ஒரு நாள் அவள் பாதி உள்ளே போயிருந்தாள். நான் மீனைத் தகட்டுக்கு முன்னாலேயே வைத்திருந்தேன். அதைத் தின்ன நீட்டிய முன்னங்கால் தகட்டில் பட, கதவு அவள் முதுகில் விழுந்தது. உதறிக்கொண்டு ஓடிவிட்டாள். அதன் பிறகு ஐந்து மாதம் கூண்டைக் கண்டால் மூன்றடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, மற்றவை ஒவ்வொன்றாக மாட்டுவதை வேடிக்கை பார்த்தாள். துணி போட்டு மறைத்தேன், அடியில் அட்டை விரித்தேன், இலைதழை போட்டேன். கவலை மீனைக் கொடுத்தால் வராத பூனை உண்டா என்பார்கள். என் கவலை தீரவில்லை. முதலில் மாட்டுபவை பசியும் அசட்டுத் துணிச்சலும் உள்ளவை. மிஞ்சுபவை, பெட்டிக்குள் போகாதவை என்பதாலேயே மிஞ்சியவை. அவற்றைப் பிடிக்க இன்னும் நல்ல பெட்டி வாங்குவதில் அர்த்தமில்லை.

கவிழ்கூண்டில் பூனை எதற்குள்ளும் போக வேண்டியதில்லை. மூன்றடிக்கு மூன்றடிச் சட்டம், ஒரு அடி உயரம், சுற்றிலும் மேலேயும் வலை, அடிப்பக்கம் திறப்பு. ஒரு பக்கத்தைக் குச்சியால் தூக்கி நிறுத்திவிட்டு, குச்சியில் கட்டிய கயிற்றை இருபது, இருபத்தைந்தடி தள்ளி உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்கு அது ஒரு பந்தல் மாதிரி. நாலா பக்கமும் வெளியே தெரியும். நான் பி.வி.சி. குழாயில் செய்துகொண்டேன், காசிமேட்டில் வாங்கிய சிறுகண் வலையைக் கட்டினேன். எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். ஒரு பொறிக்கூண்டுக்கு அதைவிடக் கூடவே கொடுத்திருந்தேன்.

ஆனால் பொறுமை வேண்டும். எட்டு நாள் கயிற்றைத் தொடவே இல்லை. தினமும் ராத்திரி பத்து மணிக்குப் பந்தலுக்கு அடியில் சாப்பாடு, அவ்வளவுதான். முதல் மூன்று நாள் மூக்குத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நாலாம் நாள் ஓரத்தில் நின்று தின்றாள். தட்டை தினமும் ஒரு சாண் உள்ளே தள்ளினேன். எட்டாம் நாள் வால் நுனிவரை உள்ளே இருந்தாள்.

ஒன்பதாம் நாள் பிடிப்பது என்று முடிவு. அன்றைக்கு மட்டும் யாரும் சாப்பாடு வைக்கக்கூடாது என்று வீடு வீடாகச் சொன்னேன். மூன்றாம் மாடி மாமி ராத்திரி தயிர்சாதம் வைப்பவர். "வாயில்லாப் பிராணியைப் பட்டினி போடச் சொல்றியேடி" என்றார். ஒரு நாள்தான் மாமி என்று கெஞ்சினேன். ராத்திரி கறுப்பன் முதலில் வந்தான், தின்றான், போனான். கயிறு என் கையில் இருந்ததால் அவனை விட்டுவிட்டேன். பதினொன்றே காலுக்கு மூக்குத்தி வந்தாள். நான்கு காலும் உள்ளே, தலை தட்டுக்குள். இழுத்தேன்.

அடுத்த இரண்டு நிமிடம்தான் கவிழ்கூண்டின் மோசமான பக்கம். குழாய்ச் சட்டத்துக்கு எடை போதாது, உள்ளே பூனை மோதினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ஒருவர் பாய்ந்து போய் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் போர்வை போட வேண்டும். தனியாளுக்கு ஆகாத காரியம். அப்புறம் பூனையை வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். சட்டத்தில் ஒரு சிறு தூக்குக்கதவு இருக்கும். பொறிக்கூண்டின் பின்கதவை அதோடு ஒட்டவைத்து, இரண்டையும் தூக்கினால், போர்வை இருட்டிலிருந்து வெளிச்சம் தெரியும் பக்கம் பூனை ஓடிவிடும். ஆக, கவிழ்கூண்டு வைத்திருப்பவருக்கும் ஒரு பொறிக்கூண்டு தேவை, இரவலாகவாவது.

இதில்தான் முதல் முறை கோட்டை விட்டேன். மூக்குத்திக்கு முன்பு ஒரு செம்பட்டைக் கடுவனை மாற்றும்போது இரண்டு கதவுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. மண்டை நுழைந்தால் பூனை முழுசாக நுழைந்துவிடும். சரக்கென்று போய்விட்டான். திரும்பப் பிடிக்க ஆறு வாரம். இப்போது பைக்கில் சாமான் கட்டும் கொக்கி ரப்பரால் இரண்டு கூண்டையும் இறுக்கிக் கட்டாமல் கதவைத் தொடுவதில்லை. மூக்குத்தியை மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. பொறிக்கூண்டு துருப்பிடிக்கும், மிதித் தகட்டுக்கு அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். கவிழ்கூண்டில் வலை கிழியும், தைக்க வேண்டும். எதை வைத்தாலும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடக்கூடாது. மாட்டிய பூனையை நாய் சூழ்ந்துகொண்டால் அது கம்பியில் முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். வெயிலில் விட்டால் உயிருக்கே ஆபத்து.

தாயையும் குட்டிகளையும் சேர்த்துக் கவிழ்கூண்டில் பிடிக்கலாம் என்பார்கள். நான் ஒரே ஒரு முறை முயன்றேன், விழும் சட்டம் குட்டி மேல் பட்டுவிடுமோ என்ற பயத்தில் கயிற்றை இழுக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அதனால் அதைப் பற்றி நான் பேச முடியாது. ஐப்பசி மழையில் வைத்தும் பார்த்ததில்லை.

போன மாதம் புதிதாக ஒரு சாம்பல் நிறப் பெட்டை வந்து சேர்ந்திருக்கிறது. காது முழுசாக இருந்தது. கவிழ்கூண்டைத் துடைத்து, வலையைத் தைத்து, எட்டு நாள் திட்டத்துக்குத் தயாரானேன். அதற்குள் வாட்ச்மேன் அண்ணன் சும்மா இருக்கட்டும் என்று ஜெனரேட்டர் பக்கம் பொறிக்கூண்டை வைத்திருக்கிறார். முதல் நாள் ராத்திரியே உள்ளே உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தது.